கட்டிலுக்கு அடியில் இருந்த பை

சர்புன்னிசா மகனின் அறைக் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டது தூசிக்காகத்தான். இதை அவள் பிற்பாடு யாரும் கேட்காமலேயே பலமுறை சொன்னாள். மருமகள் சாமானை நோண்டிப் பார்க்கிற பழக்கம் தனக்குக் கிடையாது என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. ஆனால் துடைப்பம் எதிலோ போய் முட்டியது. முட்டியது என்னவென்று குனிந்து பார்ப்பது நோண்டுவது ஆகாது. அது ஒரு பை என்று தெரிந்த பிறகு, காலிப் பையா கனக்கிற பையா என்று தூக்கிப் பார்ப்பதும் நோண்டுவது ஆகாது.

கனத்தது.

அயாஸின் பழைய காலேஜ் பை. ஜிப் பாதி திறந்துதான் கிடந்தது என்று சர்புன்னிசா சொல்வாள், அதையும் நம்பிவிடுவோம். மேலே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அயாஸின் சர்டிபிகேட்டுகள், ஆதார் நகல்கள், பாங்க் பாஸ்புக். அதற்குக் கீழே அவனுடைய சட்டையும் பேண்ட்டும், ஃபாயிஸாவின் சுடிதார் ஒன்று. ஒரு சின்ன டார்ச் லைட். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பேரீச்சம்பழம், பிஸ்கட், காய்ச்சல் மாத்திரை. ஒரு சுருள் நைலான் கயிறு. கடைசியாக ஒரு விசில். எல்லாவற்றையும் தண்ணீர் புகாதபடி தனித்தனி பாலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருந்தது. அடியில் இன்னும் ஒரு கறுப்புப் பை இருந்தது, இறுக்கி முடிச்சுப் போட்டு. சர்புன்னிசா முடிச்சில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். முடிச்சை அவிழ்ப்பது நோண்டுவது ஆகிவிடும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபாயிஸா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. கல்யாணம் முடிந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. பிறகு எதற்குப் பை? அதிலும் மகனுடைய சர்டிபிகேட்டு எதற்கு?

பதில் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கமர்ஜஹான் சம்பந்தம் பேசும்போதே எச்சரித்திருந்தாள். "அதிராம்பட்டினத்துப் பொண்ணா? யோசிச்சுக்க அக்கா. அந்தப் பக்கம் பொண்ணுக்கு வீட்டைக் கட்டிக் குடுத்து மாப்பிள்ளையத்தான் கூட்டி வச்சுக்குவாங்களாம். நம்ம பொண்ணை அனுப்பிட்டு அழுவோம். அவங்க ஊருக்கு மாப்பிள்ளைய அனுப்பிட்டு அழுகணும்."

ஃபாயிஸாவின் வாப்பா பேச்சு முடிக்கையில், "உங்க ஊர் வழக்கம் எப்படியோ அப்படியே நடக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ஆனால் இவர்கள் அதிராம்பட்டினம் போனபோது தன் வீட்டின் பாதி கட்டிய மாடியைக் காட்டி, "மேல ஃபாயிஸாவுக்கு" என்றும் சொன்னார். அந்த மாடி அன்றிலிருந்து சர்புன்னிசாவின் நெஞ்சில் பாதி கட்டியபடியே நின்றுகொண்டிருந்தது. இருப்பது ஒரே மகன். திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்து, பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பிலேயே கணக்கெழுதுகிற வேலை பார்க்கிறவன். அவனைப் பாலித்தீன் பையில் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாள் இந்தப் பெண்.

மத்தியானம் ஜெகபர் அலி பூட்டுக் கடையிலிருந்து சாப்பிட வந்தார். சர்புன்னிசா ரசத்தை ஊற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏங்க, அயாஸ் நம்மளை விட்டுப் போறான்" என்றாள்.

"சாப்பாட்டு நேரத்துலயா? சாப்ட்டுப் போகச் சொல்லு."

"விளையாடாதீங்க. அவ பையைக் கட்டி வச்சிருக்கா. இவன் படிச்ச சர்டிபிகேட்டு முச்சூடும் உள்ள இருக்கு. துணிமணி இருக்கு. கயிறு இருக்கு."

"கயிறு எதுக்கு?"

"அதான் தெரியலை."

"பய வரமாட்டேன்னு முரண்டு பிடிச்சா கட்டி இழுத்துட்டுப் போகவா இருக்கும்." அவர் வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டார். "வேற?"

"ஒரு விசிலு."

ஜெகபர் அலி சாப்பிடுவதை நிறுத்தினார். அவருக்கே இது கொஞ்சம் புதிதாக இருந்தது. "அப்ப கண்டக்டர் வேலை கிடைச்சிருக்கும் போல. கவர்மென்ட் வேலைடி. விட்டுரு, போகட்டும்."

"உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க."

"இந்தா, அந்தப் புள்ள மாடியிலதான இருக்கு? என்னம்மா இதுன்னு கேட்டுரு. செத்த நேரத்துல முடிஞ்சிரும்."

"கேட்டு, ஆமான்னுட்டா?"

சர்புன்னிசாவின் கணக்கு அதுதான். கேட்காத வரைக்கும் அது வெறும் பை. கேட்டுவிட்டால் அது ஒரு முடிவு. ஆகவே கேட்காமலேயே தடுக்க வேண்டும்.

முதலில் சாப்பாட்டால் தடுக்கப் பார்த்தாள். கடலோரத்துப் பெண்ணுக்கு ஊர் ஏக்கம் வருவது மீனால்தான் என்று முடிவுகட்டி, மார்க்கெட்டில் பேரம் பேசாமல் வஞ்சிரம் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். ஃபாயிஸா ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"கடல் மீனா மாமி?"

"பின்ன, குளத்து மீனா?"

"இல்ல, கடலை விட்டு வந்து ரொம்ப நாளாச்சு போல. கடலையே மறந்துருச்சு."

அயாஸுக்குப் புரையேறியது. சர்புன்னிசாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். ஐஸில் படுத்துத் திண்டுக்கல் வந்துசேரும் மீனை வைத்து யாரையும் தடுக்க முடியாது என்று தெரிந்தது.

அடுத்த நாள் ஃபாயிஸா குளிக்கப் போன நேரத்தில் பையை இழுத்து, சர்டிபிகேட்டு உறையை எடுத்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள். சர்டிபிகேட்டு இல்லாமல் எந்த ஊரில் வேலை கொடுப்பார்கள்? பிறகு டார்ச் லைட்டைத் திருகி அதிலிருந்த இரண்டு பேட்டரிக் கட்டைகளையும் உருவினாள். டார்ச்சுக்கும் மகன் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஏதாவது ஒன்றைக் கெடுத்துவைத்தால் மனசுக்கு ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு கட்டையை, நோன்பு மாதத்திலிருந்து நின்றுபோயிருந்த கூடத்துக் கடிகாரத்தில் போட்டாள். இன்னொன்றுக்கு வேறு இடம் கிடைக்காமல் அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்குள் சொருகினாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பையைத் திரும்பத் தள்ளும்போது அந்தப் பிஸ்கட் பாக்கெட் கண்ணில் பட்டது. பிஸ்கட்டும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு என்ன குடித்தனம் நடத்தப் போகிறார்கள்? சமையலறைக்குப் போய், நாள்பட ஊறிய எலுமிச்சை ஊறுகாயில் ஒரு பாட்டிலும், அயாஸுக்குப் பிடித்த பருப்புப் பொடியில் ஒரு டப்பாவும் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். போகக் கூடாது. போனால் பசியோடு போகக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுகிறதே என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

அன்று சாயங்காலம் ஃபாயிஸா கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "மாமி, கடிகாரம் ஓடுது!"

"ஆமா. அதுக்கே மனசு வந்து ஓட ஆரம்பிச்சிருச்சு."

"உங்க ஊர்ல கடிகாரத்துக்கும் மனசு இருக்கா மாமி?"

"எங்க ஊர்ல எல்லாத்துக்கும் இருக்கு" என்றாள் சர்புன்னிசா அர்த்தத்தோடு. அர்த்தம் ஃபாயிஸாவுக்குப் போய்ச் சேரவில்லை.

வியாழக்கிழமை சந்தேகத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடமும் போயிற்று. ஃபாயிஸா மாடிப்படியில் உட்கார்ந்து தன் உம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சர்புன்னிசா கீழே நின்று கொத்தமல்லி ஆய்ந்தாள். ஒரு கட்டு கொத்தமல்லியை ஆய்வதற்கு அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"நாளைக்கு சாயங்காலம்தான் உம்மா... எல்லாம் கட்டி வச்சுட்டேன்... இல்ல, மாமிக்குத் தெரியாது. சொன்னா பயந்துடுவாஹ... மச்சானா? மச்சான் சிரிக்கிறாஹ, என்ன சொன்னாலும் சிரிக்கிறாஹ."

நாளைக்குச் சாயங்காலம்! சர்புன்னிசாவின் கையில் கொத்தமல்லிக் காம்பு மட்டும் நின்றது. கூடத்தில் டிவியைப் போட்டிருந்தால் நாளைக்கு வேறு யாரோ வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும். வங்கக் கடலில் ஒரு புயல், வாயில் நுழையாத பேரோடு, நாளைக் காலையில் கரையேறி மேற்கே வரும் என்று எல்லாச் சேனலிலும் அதே பேச்சு. ஆனால் சர்புன்னிசா டிவி போடுவது சீரியலுக்கு மட்டும். புயல் என்றால் அது கடலுக்கும் மெட்ராஸுக்கும் இடையில் உள்ள சங்கதி என்பது அவள் எண்ணம்.

அன்றைக்குத்தான் பூட்டு வந்தது. பூட்டு விற்கிறவர் வீட்டில் பூட்டுக்கா பஞ்சம்? அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கே ஒரு பூட்டு உண்டு. ஜெகபர் அலிக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியதிலிருந்து சர்புன்னிசா அதைப் பூட்டித்தான் வைப்பாள். சின்னதாகவும் உறுதியாகவும் இருந்த அந்தப் பூட்டைக் கழற்றி, பையின் இரண்டு ஜிப் முனைகளையும் சேர்த்து மாட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்தாள். பையைத் திறக்க முடியாவிட்டால் அவளே வந்து கேட்பாள். அப்போது பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளலாம். அன்று ராத்திரி ஜெகபர் அலி டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டதை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. மலைக்கோட்டை இருந்த இடமே தெரியவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு அத்தாவும் மகனும் ஒரே பைக்கில் கிளம்பினார்கள். அயாஸ் வேலை முடிந்து கடைக்குப் போய் அத்தாவைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று.

ஃபாயிஸா வீட்டுக்குள் பம்பரமாகச் சுற்றினாள். குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாள். மாடியில் கிடந்த பூந்தொட்டிகளைக் கீழே இறக்கினாள். சமையலறைத் தகரக் கூரையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள்.

"இம்புட்டுத் தண்ணி எதுக்கு?" என்று கேட்டாள் சர்புன்னிசா.

"வேணும் மாமி. காத்து பலமா அடிக்கும்னு சொல்றாஹ."

"அடிக்கட்டுமே. சிறுமலை என்ன சும்மாவா நிக்குது? இங்க வர்றதுக்குள்ள காத்துக்கு மூச்சு வாங்கிரும்."

ஃபாயிஸா அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். சர்புன்னிசா அவள் போவதையே பார்த்தாள். போகிறவள் கடமையை முடித்துவிட்டுப் போகிறாள். வயசான இரண்டு பேர் தண்ணீருக்குத் திண்டாடக் கூடாது என்று நினைக்கிறாள். நல்ல பெண்தான், அதுதான் வயிற்றெரிச்சல். துக்கத்தை ஆற்றிக்கொள்ள மருமகளின் போனை வாங்கிச் சீரியல் பார்த்தாள். ஐந்து மணிக்கெல்லாம் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அவளுடைய போன் எப்போதும்போல உயிரில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது.

காற்று மூச்சு வாங்கவில்லை. மக்ரிப் தொழுகைக்கு முன்னாலேயே இருட்டிவிட்டது. மழை செங்குத்தாகப் பெய்யாமல் படுக்கைவாட்டில் அடித்தது. நாலு வீடு தள்ளி இருந்த வாதநாராயண மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. பிறகு நிமிரவில்லை. மடமடவென்று ஒரு சத்தம், நீல நிறத்தில் ஒரு வெளிச்சம். மரம் தெருவுக்கு மேலே போகிற ஹை டென்ஷன் கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்தது. கம்பி தெருவின் குறுக்கே, ஓடுகிற தண்ணீருக்குள், ஒரு தரம் துள்ளி அடங்கியது. அதற்கப்புறம் கறுப்புத் தண்ணீரில் கறுப்புக் கம்பி எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை.

வாசலில் நின்றிருந்த ஃபாயிஸா உள்ளே திரும்பினாள். "மாமி, மச்சானும் மாமாவும் இந்த வழியாத்தானே வருவாஹ?"

"வேற வழி ஏது?"

"வீட்டுல கரண்ட் இல்லாட்டியும் அந்தப் பெரிய லைன்ல இருக்கும். பைக் லைட்டுல கம்பி தெரியாது." சொல்லிக்கொண்டே அறைக்குள் ஓடி, கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜிப்பில் கை வைத்தாள். நின்றாள். "மாமி, இதுல ஒரு பூட்டு தொங்குது."

சர்புன்னிசா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் அது இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். சாவி கையில் விழுந்தது. ஃபாயிஸா மாமியாரையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள்; கேட்க நேரமில்லை. பையைத் திறந்து டார்ச்சை எடுத்து அமுக்கினாள். எரியவில்லை. உள்ளங்கையில் தட்டினாள். திருகிப் பார்த்தாள்.

"கட்டை இல்லை! புதுக் கட்டை போட்டு வச்சேனே!"

"இருக்கு, இருக்கு. நான்தான்... இரு" என்றபடி சர்புன்னிசா ஓடினாள். எத்தனையோ வருஷமாக அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. நாற்காலியைப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்கத்தைத் தடவி ஒரு கட்டையை உருவினாள். கடிகாரம் நின்றது. சமையலறைக்குள் இருட்டில் தட்டுத் தடுமாறிப் போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். கடுகில் கை விட்டாள், வெந்தயத்தில் விட்டாள், மிளகாய் வற்றல் நகக்கண்ணில் ஏறியது. மகன் தெருமுனை வந்திருப்பானோ? பைக்கை எப்போதும் விரட்டித்தானே வருவான்? யா அல்லாஹ், அவன் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டும், எந்த மாடியில் வேண்டுமானாலும் குடியிருக்கட்டும், இந்தத் தெருவுக்குள் மட்டும் இப்போது வந்துவிடக் கூடாது. சீரகத்துக்குள் கட்டை தட்டுப்பட்டது.

அதற்குள் வாசலில் விசில் சத்தம் கிழித்துக்கொண்டு கிளம்பியது. ஃபாயிஸா கன்னம் இரண்டும் புடைக்க ஊதிக்கொண்டிருந்தாள். மனுஷக் குரலை வாயோடு பிடுங்கிக்கொண்டு போகிற காற்று, விசிலை ஒன்றும் செய்ய முடியாமல் விட்டுவிட்டது. தெருக்கோடியில் ஒற்றை வெளிச்சம் ஒன்று திரும்பியது.

"அவன்தான்! அவன் வண்டிதான்!" சர்புன்னிசா கட்டைகளோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

ஃபாயிஸா ஊதுவதை நிறுத்தாமலே கையை நீட்டினாள். இரண்டு கட்டைகளையும் வாங்கிப் போட்டு மூடியைத் திருகினாள். டார்ச் எரிந்தது. சர்புன்னிசா அதைப் பிடுங்கி, வாசல் திட்டில் நின்று தலைக்கு மேலே இடமும் வலமுமாக ஆட்டினாள். தெருவில் வந்துகொண்டிருந்த வெளிச்சம் மெதுவாகி, விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது.

"என்னம்மா?" என்று அயாஸ் கத்துவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"லைன் கிடக்குடா! தண்ணியில லைன் கிடக்கு! வராத ஏலே, வராத! பின்னால போ, பின் தெரு வழியா வா!"

அவளுக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பது அவளுக்கே தெரியாது. வெளிச்சம் ஒரு கணம் தயங்கி, பின்பக்கமாகத் திரும்பிப் போயிற்று. சர்புன்னிசா டார்ச்சை ஆட்டுவதை நிறுத்தவில்லை. வெளிச்சம் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஃபாயிஸாதான் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அத்தாவும் மகனும் பின் தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு, கொல்லைச் சுவரேறி வந்து சேர்ந்தார்கள். அயாஸ் தாண்டிவிட்டான். ஜெகபர் அலி சுவர்மேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கம் இறங்குவது நல்லது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கைலி முள்கம்பியில் பாதி கிழிந்துவிட்டது.

மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கூடத்தில் உட்கார்ந்தபோது நாலு பேரும் நனைந்த கோழிகள்போல் இருந்தார்கள். நடுவில் பை. பையின் மேல் பூட்டு. ஜெகபர் அலி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது சக்கரை டப்பா பூட்டுல்ல?"

ஃபாயிஸா பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுக்கக் கையை விட்டாள். ஊறுகாய் பாட்டில் வந்தது. மறுபடி விட்டாள். பருப்புப் பொடி டப்பா வந்தது. "இது ரெண்டும் நான் வைக்கலை" என்றாள் குழப்பத்தோடு. "வச்ச சர்டிபிகேட்டையும் காணோம்."

"அரிசி டிரம்முக்கு அடியில இருக்கு" என்றாள் சர்புன்னிசா, தரையைப் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. "நீ அயாஸை உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போகப் பை கட்டி வச்சிருக்கேன்னு நினைச்சேன்."

"எங்க ஊருக்கா?"

"உங்க ஊர்ல மாப்பிள்ளை பொண்ணு வீட்டோட இருக்கிறதுதான வழக்கம்? நேத்து உங்கம்மாகிட்டப் பேசுனது காதுல விழுந்துச்சு. எல்லாம் கட்டி வச்சாச்சு, மாமிக்குத் தெரியாதுன்னியே."

ஃபாயிஸாவுக்குப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அது புயலுக்கு மாமி! மழைக்காலம் வந்தா எங்க வீட்டுல வருஷா வருஷம் கட்டி வைப்போம். இங்க மச்சான்கிட்டச் சொன்னேன். திண்டுக்கல்லுக்குக் கடல் எப்ப வந்துச்சுன்னு கேட்டுச் சிரிச்சாஹ. அதான் சொல்லாம வச்சேன்."

அயாஸ் தலையைத் துவட்டுவதில் திடீரென்று மும்முரமானான்.

"விசில் எதுக்கு?" என்று கேட்டார் ஜெகபர் அலி. கண்டக்டர் விஷயத்தை அவர் இன்னும் முழுசாகக் கைவிடவில்லை.

"கஜா புயல் அடிச்சப்ப எங்க வாசல் கதவு மேல தென்னை விழுந்துருச்சு மாமா. நானும் உம்மாவும் உள்ள. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம், பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேக்கலை. விடிஞ்ச பிறகுதான் வந்து மரத்தை அறுத்தாஹ. அதிலேர்ந்து விசில் இல்லாத பை கிடையாது."

சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவள் முடிக்கும்போது சிரிக்கவில்லை. வெளியே காற்று கதவை ஒரு தரம் உலுக்கிவிட்டுப் போயிற்று. சர்புன்னிசா நகர்ந்து உட்கார்ந்து, மருமகளின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள்.

ஃபாயிஸா அடியில் கிடந்த கறுப்புப் பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். முதலில் வந்தது ஒரு பச்சைச் சேலை. கொடியிலிருந்து காற்றில் போய்விட்டது என்று சர்புன்னிசா கமர்ஜஹான் வீட்டு மாடிவரைக்கும் போய்த் தேடிய சேலை. பிறகு ஜெகபர் அலியின் கைலி ஒன்று, அவருடைய சர்க்கரை மாத்திரை, முழங்கால் தைலம். கடைசியாக ஒரு கண்ணாடிக் கூடு. உள்ளே அவளுடைய பழைய கண்ணாடி.

"இதைத்தான வாரம் முச்சூடும் தேடுனேன்!"

"புதுசு உடைஞ்சா என்ன செய்வீங்க மாமி? அதான் பழசை எடுத்து வச்சேன். பையில நாலு பேருக்கும் இருக்கு. உங்க ரெண்டு பேருது நனையக் கூடாதுன்னு அடியில வச்சேன். இந்த முடிச்சை நீங்க அவுக்கலையா?"

"நான் எதுக்கு அவுக்கப் போறேன்?" என்றாள் சர்புன்னிசா விறைப்பாக. "அடுத்தவங்க பையை நோண்டுற பழக்கம் எனக்குக் கிடையாது."

கூடமே சிரித்தது. ஜெகபர் அலி சிரித்துச் சிரித்து மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டார். அதைத் திரும்பக் கொளுத்தி, பிஸ்கட்டை ஊறுகாயில் தொட்டுத் தின்றார்கள். அது அவ்வளவு மோசமாக இல்லை என்று அயாஸ் சொன்னான். டார்ச்சில் சீரக வாசனை அடித்தது.

"அப்ப நீ அயாஸைக் கூட்டிட்டுப் போகலையே?" சர்புன்னிசா கேட்டேவிட்டாள். இருட்டும் சிரிப்பும் இருந்ததால் கேட்க முடிந்தது.

ஃபாயிஸா யோசிப்பதுபோல் பாவனை செய்தாள். "கூட்டிட்டுப் போகலாம்னுதான் பார்த்தேன் மாமி. உம்மா வேணாம்னுட்டாஹ. இவஹ சாப்புடுற அளவுக்கு எங்க வீட்டுப் பானை தாங்காதாம்."

"ஏன், சின்னப் பானையா?" என்றான் அயாஸ்.

"பேசாம ஊறுகாயத் தின்னுடா" என்றாள் அவனுடைய அம்மா.

டிசம்பரில் ஃபாயிஸாவும் அயாஸும் ஒரு வாரம் அதிராம்பட்டினம் போனார்கள். ஃபாயிஸாவின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். இரண்டு பெட்டி, ஒரு கட்டைப் பை. சர்புன்னிசா வாசலில் நின்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ திரும்பியதும் உள்ளே வந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக மகன் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் விட்டாள். முட்டியது.

குனிந்து பார்த்தாள். காலேஜ் பை அங்கேதான் இருந்தது. ஜிப்பில் பூட்டு இல்லை. அது சர்க்கரை டப்பாவுக்கே திரும்பிப் போய்விட்டிருந்தது.

"என்ன அங்க?" என்றார் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜெகபர் அலி.

"ஒண்ணுமில்ல, தூசி."

"பை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஆளும் வந்துரும். நீ வேணா அந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதிப் பாரு. அதிராம்பட்டினம் வரைக்கும் கேக்கும்."

"உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்றாள் சர்புன்னிசா. ஆனால் அவர் டீயை முடித்துக் கடைக்குக் கிளம்பிப் போனதும், பையைத் திறந்து விசிலைத் தேடி எடுத்தாள். ஜன்னல் வழியாகக் கமர்ஜஹான் வீட்டு வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

மெதுவாகத்தான் ஊதினாள். சத்தம் என்னவோ தெரு முழுக்கக் கேட்டது.